மர பெஞ்சில் ஒரு மனநல சிகிச்சை

இன்று ஜிம்பாப்வே நாட்டுப் பாட்டிமார்களைப் பற்றி ஒரு தகவல்.

ஒரு கோடிக்கும் மேல் மக்கள் வாழும் அந்த நாட்டில் மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. 2006-இல் தலைநகர் ஹராரேயில் 14 பாட்டிமார்களுக்கு மனநல ஆலோசனை தரப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலைய வளாகத்தில் மர பெஞ்சு போட்டு அவர்களை உட்காரவைத்தார்.

ஒரு பெண் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கணவருக்கு வேலை இல்லை, வாடகை பாக்கி, ராத்திரி தூக்கமே இல்லை. பாட்டி குறுக்கே பேசமாட்டார், அறிவுரையும் சொல்லமாட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, "இதில் எதை முதலில் பார்க்கலாம், சொல்லும்மா" என்பார். வாடகைதான் என்றால், அதற்கான வழிகளை அவளையே யோசிக்கவைப்பார். ஒன்றைச் செய்துபார்த்துவிட்டு மறுபடி வரச் சொல்வார்.

இதை முறையாக ஆய்வும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட பெஞ்சுக்கு வந்தவர்களிடம் மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. 2016-இல் அந்த முடிவு வெளியானது.

மனநல ஆலோசனை என்பது உபதேசம் அல்ல. தன் சிக்கலைத் தானே எதிர்கொள்ளும் தெம்பை ஒருவருக்கு மீட்டுத் தருவது. நோய் கடுமையாக இருந்தால் மருத்துவரும் மருந்தும் கட்டாயம் வேண்டும்.

நம் இந்தியாவில் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசலாம். மனம் பாரமாக இருந்தால் தள்ளிப்போடாதீர்கள், இன்றே பேசுங்கள்.