ஆற்றங்கரையில் ஒரு மார்கழிக் காலை



ஆரணி என்றதும் உங்களுள் பலருக்குப் பட்டுச்சேலையே நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் உள்ள ஆரணி. நான் இன்று சொல்லப்போவது வேறோர் ஆரணியைப் பற்றி. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கு அருகே, ஆரணியாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் அது.

அங்கே நான் சென்றதற்கு ஒரு பழைய கடனே காரணம். பல ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரப் பள்ளியொன்றில் புவியியல் கற்பித்து வந்தேன். கங்கையையும் காவிரியையும் கரும்பலகையில் வரைந்து முடித்தபோது ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, நம்ம ஊர் ஆறு எங்கே பிறக்கிறது?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "அது தேர்வுக்கு வராது, உட்கார்" என்றேன். ஓய்வுபெற்ற பின்னும் அந்தச் சொல் என் நெஞ்சை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆகவே சென்ற மார்கழியில் ஒருநாள், கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயிலில் விடியுமுன் ஏறி அமர்ந்தேன். எண்ணூரைக் கடக்கையில் அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கிகள் பனியூடே மங்கலாகத் தெரிந்தன. மீஞ்சூர் தாண்டியதும் வயல்வெளி வந்தது. ரயில் நாட்டைக் காட்டுகிறது. ஆனால் நின்று பார்க்க விடுவதில்லை. பொன்னேரியில் இறங்கிப் பேருந்தில் சென்று, ஆரணியில் கால் வைத்த பிறகே என் பயணம் தொடங்கிற்று என்பேன்.

தெருவில் நெசவாளர் சிலர் பாவை நீளமாக நீட்டிக் கஞ்சியிட்டுக்கொண்டிருந்தனர். வெயில் ஏறினால் நூல் விரைந்து உலர்ந்துவிடும். எனவேதான் இந்த வேலைக்கு விடியற்காலை ஏற்றது. வீடுகளுக்குள்ளிருந்து தறியின் ஓசை கேட்டது. முதியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "யார் வீட்டுக்குப் போகணும், ஐயா?" என்றார். "ஆற்றைப் பார்க்க வந்தேன்" என்றேன். அவர் சிரித்தார். "வெள்ளம் வந்தால்தான் எல்லாரும் ஆற்றைப் பார்க்க வருவார்கள். நீங்கள் சும்மா இருக்கிற ஆற்றைப் பார்க்க வந்திருக்கிறீர்களே!" என்றார்.

எத்துணை உண்மையான சொல்! 2021 நவம்பரில் பெய்த பெருமழையோடு பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்திலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்து, இவ்வாற்றங்கரை ஊர்கள் சிலவற்றில் வெள்ளம் புகுந்தது. அன்று செய்தித்தாள்களெல்லாம் ஆரணியாற்றின் பெயரைச் சொல்லின. நீர் வடிந்ததும் பெயரும் மறைந்தது.

கரைக்குச் சென்றேன். ஆற்றின்மேல் வெண்பனி படர்ந்திருந்தது. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. அதனைத் தொட்டிருக்கும் ஈரக்காற்று குளிர்ந்து, நுண்ணிய நீர்த்துளிகளாகிறது. அதுவே மூடுபனி. பாடமாக நூறுமுறை நடத்தியதை அன்றுதான் முகத்தில் உணர்ந்தேன். பனி விலக விலக, மணல் திட்டுகளும், அவற்றினிடையே ஓடும் நீரும், நீரோரத்தில் நிற்கும் கொக்குகளும் தென்பட்டன. இது ஆண்டு முழுதும் ஓடும் ஆறன்று. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழ்வது. சித்திரையில் வந்திருந்தால் மணலை மட்டுமே கண்டிருப்பேன்.

அச்சிறுவனுக்குச் சொல்லவேண்டிய விடையை இப்போது சொல்கிறேன். இவ்வாறு ஆந்திர நாட்டு மலைப்பகுதியில் பிறந்து, பிச்சாட்டூரில் தேங்கி, சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டு ஏரியை அடைகிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது அது. அதன் கரையில் டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். இந்நாட்டு நெசவாளர் நெய்த துணியை நாடியே அவர்கள் கடல் கடந்து வந்தனர். அன்று நான் தெருவில் கேட்ட தறியோசை உலக வரலாற்றில் இடம்பெற்ற ஓசை. அதனை நான் ஒருநாளும் வகுப்பில் சொன்னதில்லை.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ, ஓடையோ, ஏரியோ இருக்கும். வெள்ளம் வருமுன் ஒருமுறை அதன் கரையில் நடந்து பாருங்கள். அது எங்கே பிறக்கிறது, எங்கே சேர்கிறது என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். என்னை அப்படி அழைத்துச் சென்றிருந்தால், நான் நல்லாசிரியனாக இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்திருப்பேன்.