விசிறிச் சிறகும் கணனியும்

ஆகாயவிமானம் என்றதும் நேயர்களின் மனக்கண்முன் தோன்றுவன, அசையாது நீண்டு நிற்கும் இரு சிறகுகளே. விமானம் முன்னோக்கி விரையும்போது, அச்சிறகுகள் எதிர்ப்படும் காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகின்றன. அதன் எதிர்விளைவாக எழும் உயர்த்து விசையே விமானத்தைத் தாங்குகின்றது. வேகம் குறைந்தால் அவ்விசையும் குறையும். விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

இந்நிலையை மாற்ற இயலாதா? 1990களில் பற்றிக் பீபிள்ஸ் என்னும் அமெரிக்கர் புதியதொரு சிறகை உருவாக்க முனைந்தார். சிறகின் முன்விளிம்பு நெடுகிலும் உருளை வடிவான ஒரு விசிறியை அவர் பொருத்தினார். அது சுழலும்போது முன்னாலுள்ள காற்றை உள்ளிழுத்து, சிறகின் மேற்பரப்பு வழியே பின்னோக்கி வீசுகின்றது. தூக்குவதும் உந்துவதும் ஒரே உறுப்பின் தொழிலாகிவிடுகின்றன. ஆகவே, மெதுவாகச் செல்லும்போதும் அச்சிறகு மிகுந்த பாரத்தைத் தாங்க வல்லதாகின்றது.

இவ்வகை விசிறி முற்றிலும் புதியதன்று. பிரான்சு நாட்டவரான மோர்ட்டியே 1893ஆம் ஆண்டிலேயே அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று வீட்டுச் சுவரில் மாட்டப்படும் குளிரூட்டியினுள் ஓசையின்றிச் சுழலும் நீண்ட உருளையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

ஆயினும், அதனுள் நிகழ்வது எளிதில் விளங்குவதன்று. காற்று ஒரு பக்கத்து அலகுகளினூடாகப் புகுந்து, மறுபக்கத்து அலகுகளினூடாக வெளியேறுகின்றது. இடையே உருளைக்குள் ஒரு சுழிப்பு உண்டாகின்றது. தராசு மொத்த விசையை அளந்து கூறுமேயன்றி, அவ்விசை எங்கே, எவ்வாறு பிறந்தது என்பதைக் கூறாது.

இங்கேதான் கணனி துணைக்கு வருகின்றது. சிறகைச் சூழ்ந்த வெளியைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்றின் வேகத்தையும் அமுக்கத்தையும் அது கணிக்கின்றது. இதற்கு அடிப்படை, 19ஆம் நூற்றாண்டில் நேவியரும் ஸ்ரோக்சும் வகுத்த சமன்பாடுகள். விசிறியைச் சூழ்ந்த கட்டங்கள் விசிறியோடு சுழல, வெளிக்கட்டங்கள் அசையாது நிற்கும். நொடியின் மிகச் சிறு பகுதிதோறும் கணக்கு மீண்டும் செய்யப்படும். இவ்வாறு, கண்ணுக்குத் தெரியாத சுழிப்பு திரையில் உருப்பெறுகின்றது.

எனினும், திரையில் தோன்றுவதெல்லாம் உண்மையாகிவிடாது. வேலையைக் குறைப்பதற்காகச் சிறகின் ஒரு குறுக்குவெட்டை மட்டும் கணக்கில் எடுப்பதுண்டு. மெய்யான சிறகுக்கோ இரு முனைகள் உள. அங்கே காற்று பக்கவாட்டில் நழுவுவதால் உயர்த்து விசை குறையும். கொந்தளிக்கும் காற்றின் நுண்ணிய சுழல்களும் தோராயமாகவே கணிக்கப்படுகின்றன. ஆதலால், கணனி கூறியதைக் காற்றுச் சுரங்கத்திலும் சோதித்தல் இன்றியமையாதது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட வினாவொன்றும் உண்டு. சாதாரண விமானத்தின் இயந்திரம் நின்றாலும், அது சறுக்கியவாறு தரையை நாடலாம். விசிறிச் சிறகின் உயர்த்து விசையோ விசிறியின் சுழற்சியையே பெரிதும் நம்பியுள்ளது. இயந்திரம் நின்றபின், எதிர்க்காற்று மட்டும் விசிறியைச் சுழற்றிப் போதிய தாங்குதலை அளிக்குமா? மனிதரை ஏற்றுமுன் இதற்கு விடை காண வேண்டும். கணனியிலே சிறகு ஆயிரம் முறை வீழ்ந்தாலும் எவருக்கும் காயமில்லை. அவ்வீழ்ச்சிகளிலிருந்து கற்றுக்கொள்வதே கணிப்பின் பெரும் பயன். அவற்றைக் காணாதது போல் கடந்து செல்வதே அதன் பேராபத்து.