விஷத்தின் பெயரைச் சொல்லுங்கள்!



நம் சிவகாசிப் பக்கம் 'மருந்து' என்றால் இரண்டு பொருள். ஆஸ்பத்திரியில் கொடுப்பது ஒன்று. பட்டாசுக்குள் திணிப்பது இன்னொன்று. பட்டாசு மருந்து உடம்புக்குள் போனால், அதை முறிக்க ஆஸ்பத்திரி மருந்து உண்டா? சிலவற்றுக்கு உண்டு. ஆனால் உள்ளே போனது எது என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமே!

போபாலில் என்ன நடந்தது? 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பிரேதங்களில் இரத்தம் செக்கச்செவேல் என்றிருந்ததைப் பார்த்த டாக்டர் ஹீரேஷ் சந்திரா, சயனைடு விஷம் என்று சந்தேகித்தார். அதற்கு முறிவு மருந்து சோடியம் தயோசல்பேட் ஊசி. விலை மலிவானது. சயனைடு என்று சந்தேகம் இருந்தால் இதைப் போடுங்கள் என்று முதலில் சொன்ன கார்பைடு, பிறகு பின்வாங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1985இல் சோதித்துப் பரிந்துரைத்தது. அப்படியும் அந்த ஊசி எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. அதைப் போட்டுவந்த மக்கள் மருத்துவ மையத்தில் அதே ஆண்டு ஜூனில் போலீஸ் புகுந்து டாக்டர்களைக் கைது செய்தது. ஏன்? விஷத்தின் பெயர் வெளியே வந்தால் நஷ்டஈடு கூடும் என்பதுதான் காரணம் என்று அம்மக்கள் குமுறினார்கள். எனக்கும் வேறு காரணம் தெரியவில்லை.

டோக்கியோவைப் பாருங்கள். 1995 மார்ச் 20, சுரங்க ரயிலில் சாரின் என்ற நச்சு. முந்தைய ஆண்டு மட்சுமோட்டோ நகரில் அதே நச்சுக்கு வைத்தியம் பார்த்த ஒரு டாக்டர், டி.வி.யில் செய்தியைப் பார்த்துவிட்டுப் போன் செய்து எச்சரித்தார். கொடுத்த மருந்துகளில் ஒன்று அட்ரோபின். பூச்சிமருந்து குடித்தவர்களுக்கு நம் அரசு ஆஸ்பத்திரிகளில் போடுகிற அதே ஊசிதான்!

இனி நம் ஊருக்கு வருவோம். பட்டாசில் பேரியம் நைட்ரேட்டை 2018இல் உச்சநீதிமன்றம் தடை செய்தது. தடை இருப்பதாலேயே, வைத்திருப்பவர் வாய் திறக்க மாட்டார். அது வயிற்றுக்குள் போனால் இரத்தத்தில் பொட்டாசியம் குறையும், கைகால் துவளும், இதயம் தடுமாறும். டாக்டருக்குப் பெயர் தெரிந்தால் மெக்னீசியம் சல்பேட் கொடுத்து அதைக் கரையாத உப்பாக்கலாம், பொட்டாசியம் ஏற்றலாம். தெரியாவிட்டால் வெறும் வயிற்றுப்போக்கு என்று நினைப்பார்.

புகைக்கோ முறிவு மருந்தே இல்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்தில் மாண்டவர்களில் உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடியவர்கள் எத்தனை பேர்! வெடிமருந்து எரியும் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் உண்டு. சுவாசித்தவர் நன்றாகத்தான் இருப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். "எனக்கு ஒன்றுமில்லை" என்பவரையும் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வையுங்கள்.

ஆம்புலன்ஸில் ஓடும் இளைஞர்களே! எரிகிற அறைக்குள் போகாதீர்கள். வெளியே நிற்கும் போர்மேனிடம் என்ன கலந்தார்கள் என்று கேட்டு, காகிதத்தில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். குடோன் வைத்திருக்கும் வியாபாரிகளே! சரக்கின் பெயர்ப் பட்டியல் ஒன்று குடோனுக்கு வெளியேயும் இருக்கட்டும். லைசென்ஸ் போய்விடுமே என்று தயங்கும் முதலாளியிடம் பிறகு பேசிக்கொள்ளலாம். வண்டி முதலில் கிளம்பட்டும்.