பிரதி செய்து வைத்தல்

மாத்தளை நகரிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 3 கிலோமீற்றர் சென்றால் ஆலுவிகாரை என்னும் குகைக் கோயில் தோன்றும். பெரும் பாறைகளின் இடுக்கில் அமைந்த அவ்விடத்திலேதான், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் என்னும் மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு.

நெஞ்சிலே நிலைத்திருந்த நூலை ஏட்டிலே எழுத நேர்ந்தது ஏன்? அக்காலத்திலே நாட்டைப் போரும் பஞ்சமும் வாட்டின. நூலை மனத்திற் சுமந்தவர்கள் மடிந்தனர். மகாநித்தேசம் என்னும் பகுதியை அறிந்தவர் ஒரே ஒரு பிக்கு மாத்திரமே எஞ்சியிருந்தார் என்றும், அவரும் ஒழுக்கத்திற் குறைந்தவராதலால் ஏனையோர் தயங்கியே அவரிடம் பாடங்கேட்டனர் என்றும் பாளி உரைநூல் கூறுகின்றது. அவரும் இறந்திருந்தால் அந்நூலும் அவரோடு போயிருக்கும். மூலம் உயிரோடிருக்கும்போதே பிரதி செய்ய வேண்டும் என்பதே ஆலுவிகாரை புகட்டும் முதற் பாடமாகும்.

அப்பாடம் இன்றைய மடிக்கணினிக்கும் பொருந்தும். எல்கடுவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். க.பொ.த. சாதாரண தர மாணவருக்கென அவர் ஆண்டுக்கணக்காகத் தயாரித்த பாடக் குறிப்புகள் யாவும் ஒரு மடிக்கணினியில் உள்ளன. ஒருநாட் காலை அக்கணினி விழிக்க மறுக்கின்றது. முற்காலக் கணினிகளோடு மீட்புத் தட்டுகள் வரும். அன்றேல் வாங்கியவரே அவற்றைப் பதிந்து வைத்துக்கொள்வார். இக்காலத்து மெல்லிய கணினிகளிலோ தட்டைச் செலுத்தும் வாயிலே இல்லை. ஆயினும் வழியில்லாமற் போகவில்லை. தட்டின் இடத்தை இன்று பென் டிரைவ் பெற்றுள்ளது.

விண்டோஸ் கணினியாயின் செய்யவேண்டுவது இது. குறைந்தது 16 ஜிகாபைட் கொள்ளளவுள்ள பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளல் வேண்டும். அதில் முன்னர் உள்ளவை யாவும் அழிந்துவிடுமாதலால், வேண்டியவற்றை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிடுதல் நன்று. கணினியை மின்னிணைப்பிற் பொருத்தி, தேடற் பெட்டியில் 'ரிக்கவரி டிரைவ்' என ஆங்கிலத்தில் எழுதினால் அதற்குரிய கருவி தோன்றும். அமைப்புக் கோப்புகளையும் சேர்த்துப் பிரதி செய்க என்னும் கட்டத்தை அடையாளமிட்டு, பென் டிரைவைத் தெரிந்து, வேலையைத் தொடங்கலாம். அது முடிய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். இடையிற் பிடுங்குதல் ஆகாது.

பின்பு கணினி பழுதுற்றால், அந்தப் பென் டிரைவைச் செருகி, கணினியை இயக்கும் வேளையில் அதற்குரிய விசையை அழுத்த வேண்டும். அது சில கணினிகளில் எப்12, சிலவற்றில் எப்9, வேறு சிலவற்றில் எஸ்கேப். அப்போது தோன்றும் பட்டியலில் பென் டிரைவைத் தெரிந்தால், கணினி தன் உள்நினைவகத்தை விடுத்து வெளியிலிருந்து விழித்தெழும்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. இவ்வாறு செய்யப்பட்ட பிரதி இயங்குதளத்தையே மீட்கும். ஆசிரியரின் பாடக் குறிப்புகளை மீட்காது. முழு மீட்பைத் தெரிந்தால் உள்ளே எஞ்சியிருக்கும் கோப்புகளும் அழிந்துபோம். ஆகவே சொந்தக் கோப்புகளுக்கு வேறொரு பிரதி இன்றியமையாதது. மேலும், பல கணினிகள் தம் நினைவகத்தைப் பூட்டி வைத்திருக்கின்றன. அப்பூட்டைத் திறக்கும் 48 இலக்கத் திறவெண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்தல் வேண்டும். அதையும் கணினிக்குள்ளேயே வைப்பது, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போலாகும்.

பிரதியின்றியே கணினி வீழ்ந்துவிட்டதாயின், நண்பர் ஒருவரது கணினியிலிருந்து, 8 ஜிகாபைட் பென் டிரைவொன்றில், மைக்ரோசொப்ட் இலவசமாக வழங்கும் நிறுவற் கருவியைக் கொண்டு விண்டோசைப் பதிந்துகொள்ளலாம். இயங்குதளம் இவ்வாறு திரும்பும். கோப்புகள் திரும்பும் என்பதற்கு மாத்திரம் உறுதியில்லை.

செய்த பிரதியை எங்கே வைப்பது? இதற்கும் ஆலுவிகாரையே விடை கூறுகின்றது. 1848-ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அவ்விகாரையின் சுவடிச்சாலை அழிந்தது. ஆயினும் திரிபிடகம் அழியவில்லை. அதன் பிரதிகள் பல விகாரைகளிலும், கடல் கடந்து பர்மாவிலும் சீயத்திலும் இருந்தன. ஆலுவிகாரையிலும் ஏடுகள் மீண்டும் எழுதப்பட்டன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோதோ, வேறெங்கும் பிரதியில்லாத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. அச்சிட்ட நூல்களை மறுபடி வாங்கலாம். அச்சுவடிகளை எங்கே வாங்குவது? கணினிப் பையிலேயே பென் டிரைவையும் வைத்திருப்பவர் பையைத் தொலைத்தால் இரண்டையும் ஒருங்கே இழப்பார். பிரதி வேறு கூரையின் கீழ் இருத்தல் வேண்டும்.

ஏடு செல்லரிக்கும் என்பதறிந்து நம் முன்னோர் தலைமுறைதோறும் பிரதி செய்தனர். பென் டிரைவும் அத்தகையதே. அதன் நுண்ணறைகளில் மின்னேற்றமாக நிற்கும் எழுத்து, பல ஆண்டுகள் தொடாதிருந்தால் மெல்ல மெல்லக் கசிந்து போகக்கூடும். இயங்குதளமும் இதற்கிடையில் மாறிவிடும். ஆதலால் ஆண்டுக்கொரு முறை பிரதியைப் புதுப்பித்து, அதிலிருந்து கணினி விழிக்கின்றதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஓதிப் பார்க்காத ஏட்டில் பிழை இருப்பது தெரியாது. எல்கடுவை ஆசிரியருக்கு இதனாற் செலவாவது ஒரு பென் டிரைவும் ஒரு மாலைப்பொழுதுமே. அம்மாலைப்பொழுது கணினி நலமாயிருக்கும் நாளிலேயே கழிய வேண்டும்.