ஓதமடிக்கிற சுவருக்கு எந்த பெயிண்ட்?

நாகர்கோவில், தக்கலை, பூதப்பாண்டி பக்கமிருந்து வந்து சென்னையிலயும் பெங்களூர்லயும் வேலை பார்க்கிறவங்களுக்கு, வருஷக் கடைசியில வீட்டுலேர்ந்து ஒரு போன் வரும். "மழை நின்னாச்சு, திண்ணையும் முன்சுவரும் பார்க்க சகிக்கல, பொங்கலுக்கு முன்ன அடிச்சிரணும், பணம் அனுப்பு." உடனே விலை கூடின எக்ஸ்டீரியர் எமல்ஷனா பார்த்து ஆர்டர் போடுவாங்க. கான்கிரீட் வீடுன்னா சரி. தாத்தா காலத்து ஓட்டு வீடுன்னா கொஞ்சம் பொறுங்க.

அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அடியில ஈரத்தைத் தடுக்க எந்த அடுக்கும் கிடையாது. நம்ம மாவட்டத்துக்கு ஜூன்ல ஒரு மழை, அக்டோபர்ல இன்னொரு மழை. தரையிலேர்ந்து ஈரம் ஏறிக்கிட்டே இருக்கும். ஊர்ல இதை ஓதம்னு சொல்லுவாங்க. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுரும். அதுமேல பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலத்தை ஒட்டினா ஈரம் உள்ளேயே நிக்கும். அடுத்த மழைக்குள்ள கொப்புளம், அப்புறம் உப்பு பூக்கும், கடைசியில பூச்சே பாளம் பாளமா விழும். உடனே "பெயிண்ட் மோசம்"னு சொல்லி, சிமெண்ட் பூசி, இன்னும் இறுக்கமா மூடுறதைப் பார்த்திருக்கேன். பெயிண்ட் மேல தப்பில்லை. சுவர் வேற.

அப்ப என்ன அடிக்கிறது? பழையபடி சுண்ணாம்புதான். நீத்த சுண்ணாம்பை ரெண்டு மூணு நாள் ஊறவிட்டு, துணியில வடிகட்டி, பால் பதத்துக்குக் கலக்கணும். சுடுசுண்ணாம்பா வாங்கினா தண்ணியில சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமா போடணும், சுண்ணாம்பு மேல தண்ணி ஊத்தக்கூடாது. கொதிச்சுத் தெறிக்கும், கண்ணு போயிரும். சுவரை நனைச்சுட்டு மெல்லிசா மூணு கோட். அடிச்ச உடனே ஒண்ணுமே தெரியாது, "ஏமாத்திட்டானே"ன்னு தோணும். காய்ஞ்சு, காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்ஸைடை இழுத்துக் கல்லா இறுகும்போதுதான் வெள்ளை எழும்பும். சுள்ளுனு வெயில் அடிக்கிற சுவர்ல வேலை பார்க்க வேண்டாம், வேகமா காய்ஞ்சா பொடியா உதிரும்.

ஏற்கெனவே எமல்ஷன் இருந்தா முழுசா சுரண்டி எடுக்கணும், அதுமேல சுண்ணாம்பு பிடிக்காது. கூலி செலவு அங்கதான். ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா திரும்ப அடிக்கவும் வேணும். திண்ணையில சாயுறவங்க சட்டையில கொஞ்சம் ஒட்டும். ஒட்டட்டும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவங்களுக்கு அந்த வெள்ளைச் சுவரும் கறுத்த மரமும் ஞாபகம் இருக்கும். நம்ம பழைய வீடுகள்லயும் அதே சேர்மானம்தான். திண்ணைத் தூணுக்கு எனாமல் வேணாம், எண்ணெய் போதும். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. தோல்ல பட்டா புண்ணாயிரும், கையுறை கட்டாயம்.

ஆனா தூண்லயும் கதவுலயும் பழைய எனாமல் இருந்தா, அதை உப்புத்தாள் வச்சு காய்ஞ்சபடி தேய்க்கச் சொல்லாதீங்க. வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல கூடாதுங்கிற விதி இந்தியாவுல 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின பெயிண்ட்ல எவ்வளவு இருக்கும்னு யாராலயும் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தத் தூசி திண்ணையில படியும், தவழுற குழந்தை அங்கதான் கையை வச்சு வாயில வைக்கும். நனைச்சுத் தேய்க்கணும், சாக்கு விரிச்சு தூளை அள்ளணும், அன்னைக்கு மட்டும் பிள்ளைங்களைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிருங்க.