நாலு பை, நாலு ஊசி

ஒருகொடவத்தைச் சந்தியில் கொள்கலன் லொறிகள் வழி விட்டால்தான் பஸ் நகரும். அந்தக் கால் மணி நேரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தலையணை உறையின் ஓரத்தைத் தைத்து முடித்துவிடுவார். வீட்டில் மெஷினடியில் ஒட்டுத்துணிப் போர்வை. கட்டிலடியில் பேத்திக்குப் பாதி பின்னிய தொப்பி.

எல்லாம் எப்படி நகருகிறது? ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பை. அதற்குள் அதன் துணி, நூல், விட்ட இடத்தை எழுதிய துண்டுக் கடதாசி, சொந்த ஊசி. ஊசியை ஒரு பையிலிருந்து மற்றதுக்கு மாற்றினால் வேலை அன்றைக்கே நின்றுவிடும் என்பார். சின்ன வேலை பஸ்ஸுக்கு, மெஷின் வேலை போயா நாளுக்கு. 2022இல் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாத நாட்களில் கைவேலைதான் ஓடியது.

போர்வைக்கு, ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகள். பருத்தித் துண்டென்றால் முதலில் நனைத்துக் காயவையுங்கள். தைத்தபின் சுருங்கினால் போர்வை முழுக்கக் கோணும். தையலுக்கு எல்லாத் துண்டிலும் கால் அங்குலம் விடுங்கள்.

கர்நாடகத்தில் ஆபிரிக்க வம்சாவளிச் சித்திப் பெண்கள் பழந்துணிப் போர்வையை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைப்பார்கள். எத்தனை நாள் மடித்து வைத்தாலும் விட்ட இடத்தைத் தையலே காட்டும். கடதாசி எதற்கு!

அக்காவின் நாலாவது பையைப் பற்றிக் கேட்டேன்.

"அது ஆறு வருஷமாக் கிடக்குது. அதை மட்டும் கேக்காதை."