வல்லூறும் சுரங்கமும்



தொழிலாளர் வாழ்வைச் சித்திரிக்கும் படம் என்றதும் வறுமையையும் கண்ணீரையும், இறுதியில் ஓங்கிய கரத்தையும் நாம் எதிர்பார்த்துவிடுகிறோம். இவற்றை நம்பியிராத ஒரு படைப்பைப் பற்றியே இன்று பேசுகிறேன். பிரித்தானிய நெறியாளர் கென் லோச் 1969இல் தந்த 'கெஸ்' அது. பரி ஹைன்ஸ் எழுதி 1968இல் வெளிவந்த நாவலின் திரைவடிவம்.

கதை நிகழ்வது யோர்க்ஷயரின் பார்ன்ஸ்லி என்ற நிலக்கரிச் சுரங்க நகரில். பாடசாலையை விட்டு வெளியேறும் தறுவாயில் நிற்கும் சிறுவன் பில்லி. தகப்பன் குடும்பத்தைப் பிரிந்து போய்விட்டார். தமையன் சுரங்கத் தொழிலாளி. பில்லியும் அங்கேதான் போவான் என்பது எல்லோரதும் எண்ணம். அவனோ ஒரு வல்லூற்றுக் குஞ்சைப் பிடித்து வந்து, கடையில் திருடிய புத்தகமொன்றைப் படித்துத் தானே அதைப் பழக்குகிறான். பில்லியாக நடித்த டேவிட் பிராட்லி தொழில்முறை நடிகரல்லர், அவ்வூர் மாணவரே. ஊரின் பேச்சுவழக்கே படத்தின் மொழி.

இரண்டு காட்சிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஆசிரியர் தூண்ட, பில்லி வகுப்பின் முன் நின்று வல்லூறு பழக்கும் விதத்தை விளக்குகிறான். வகுப்பே வாய்மூடிக் கேட்கிறது. பின்னர் தொழில் வழிகாட்டும் அலுவலர் முன் அமர்கிறான். அலுவலக வேலையா, உடலுழைப்பா என்பதே அவருடைய கேள்வி. சுரங்கத்துக்குள் இறங்கமாட்டேன் என்பதற்கு மேல் பில்லியிடம் பதிலில்லை. வல்லூற்றைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை.

ஏழையிடம் பணமில்லை என்று காட்டுவது எளிது. அவனிடமுள்ள ஆற்றலை அளக்கச் சமூகத்திடம் அளவுகோல் இல்லை என்று காட்டுவது அரிது. லோச் அதைச் செய்கிறார்.

தமையன் கொடுத்த குதிரைப் பந்தயப் பணத்தைப் பில்லி கட்டாமல் செலவழித்துவிடுகிறான். குதிரைகளோ வென்றுவிடுகின்றன. ஆத்திரத்தில் தமையன் வல்லூற்றைக் கொன்றுவிடுகிறான். கொடுமைதான். ஆயினும் அவனை வெறும் கொடியவனாக ஒதுக்கிவிட முடியவில்லை. நாளெல்லாம் பூமிக்கடியில் உழைப்பவனுக்கு அந்தப் பந்தயம் கொஞ்ச நேர விடுதலை அல்லவா?

பிரித்தானியாவின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கமான யோர்க்ஷயரின் கெலிங்லி 2015இல் மூடப்பட்டது. மறு ஆண்டு லோச் 'நான், டேனியல் பிளேக்' என்ற படத்தைத் தந்தார். அதிலே இருதய நோயுற்ற ஒரு தச்சுத் தொழிலாளி அரசாங்க உதவி கேட்டு அலைகிறார். அங்கும் ஒரு மேசை, ஒரு படிவம், மனிதனைக் காணாத கேள்விகள். சுரங்கம் மூடப்பட்டுவிட்டது, அந்த அலுவலரின் கதிரை இன்னும் வெறுமையாகவில்லை.